லினக்ஸ் சேர்வர் பழக வாறவங்க என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்கள்ல திருகோணமலை உவர்மலையில எங்கட வீட்டு விறாந்தையில அஞ்சாறு பிள்ளைகள் பழைய லப்டொப்போட வந்து குந்தியிருந்து லினக்ஸ் சேர்வர் பழகுறாங்க. கிண்ணியாவில இருந்து ஒரு தம்பி பாலம் கடந்து சைக்கிள்ல வாறார், நிலாவெளிப் பக்கம் கெம்பஸ்ல படிக்கிற ரெண்டு தங்கச்சிமார் வாறாங்க, தம்பலகாமத்தில இருந்தும் ஒருத்தர். வாற எல்லாரும் முதல் மூண்டு நாலு கிழமைக்குள்ள கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதால ஒரு இடத்தில எழுதி வெச்சா வர ஏலாத ஆக்களுக்கும் உதவும் எண்டு நினைச்சன். நான் 12 வருசமா இந்த வேலைதான் பாக்கிறன், கீழ இருக்கிறது நான் பாத்துப் பட்டு நம்புற விசயங்கள்.

சிஸ்டம் அட்மின் எண்டா உண்மையில என்ன வேலை அண்ணா?

கோயில் திருவிழா நடக்கேக்க ஜெனரேட்டருக்குப் பக்கத்தில ஒருத்தர் கதிரை போட்டு இருப்பாரே, சாமி வீதி சுத்தும், மேளம் அடிக்கும், எல்லாரும் அங்க பாத்துக்கொண்டு நிப்பாங்க, அவர் மட்டும் சத்தத்தைக் காதால கேட்டுக்கொண்டு, டீசல் எவ்வளவு இருக்கு எண்டு பாத்துக்கொண்டு இருப்பார். அந்த வேலைதான் இது. பேங்க் அப், ரிசல்ட் பாக்கிற சைட், ஹோட்டல் புக்கிங் எல்லாத்துக்கும் பின்னால எங்கயோ ஒரு மெஷின் ஓடுது, அதைத்தான் சேர்வர் எண்டு சொல்றது, அது ஓடுதா, நாளைக்கும் ஓடுமா, நிண்டா எவ்வளவு கெதியா திரும்ப எழுப்பலாம், உள்ள யார் வரலாம் யார் வரக்கூடாது, டேட்டா துலைஞ்சா எங்க இருந்து எடுக்கிறது, இதைப் பாக்கிற ஆள்.

இன்னொண்டு. இந்த வேலையில பாதிக்கு மேல வாசிப்பு. மெஷின் தனக்கு என்ன நடக்குது எண்டதை எழுதிக்கொண்டே இருக்கும், அதை லொக் எண்டு சொல்றது, அதை வாசிக்கப் பொறுமை உள்ள ஆளுக்கு இந்த வேலை வடிவா வரும். கீழ நான் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் கடைசியில அங்கதான் வந்து நிப்பன்.

ஏன் ஓப்பின் சோர்ஸ், அதாவது கோடை எல்லாரும் பாக்கக்கூடிய சொப்ட்வெயார்? விண்டோஸ் சேர்வர் பழகினா பிழையா?

பிழை இல்ல, கொழும்பில கன கொம்பனிகள்ல விண்டோஸ் சேர்வர் இருக்கு. ஆனா திருகோணமலையில வீட்டில இருந்து காசில்லாமப் பழகுற பிள்ளைக்கு லினக்ஸ் தாற வசதியை வேற எதுவும் தராது. 1991 ஓகஸ்ட்ல லினஸ் டோர்வால்ட்ஸ் எண்ட பின்லாந்துக்காரர், அப்ப அவர் ஹெல்சின்கி யூனிவர்சிட்டியில படிச்சுக்கொண்டிருந்த 21 வயசுப் பெடியன், தான் பொழுதுபோக்குக்கு ஒரு ஒபரேட்டிங் சிஸ்டம் எழுதுறன் எண்டு ஆக்களுக்குச் சொன்னார், அதுதான் லினக்ஸ். 2017 நவம்பர்ல இருந்து உலகத்தின்ட மிகப்பெரிய 500 சூப்பர் கொம்பியூட்டர்கள்ல ஒண்டு மிச்சமில்லாம எல்லாம் அதுலதான் ஓடுது. அந்த மெஷின்ல இருக்கிற அதே கேர்னல், அதாவது ஒபரேட்டிங் சிஸ்டத்தின்ட மையப் பகுதி, அதே கமாண்ட், உங்கட மாமா தூக்கிப் போட்ட லப்டொப்பிலயும் ஓடும், லைசன்ஸ் காசு ஒரு சதம் இல்ல, ஏன் இப்பிடி நடக்குது எண்டு சந்தேகம் வந்தா கோடைத் திறந்து வாசிக்கலாம். வறிய வீட்டுப் பிள்ளையும் பெரிய கொம்பனி எஞ்சினியரும் ஒரே சாமானைத் தொட்டுப் பழகுற தொழில் உலகத்தில எத்தனை இருக்கு, சொல்லுங்க.

எந்த லினக்ஸ் போட? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்றாங்க.

டெபியன் இல்லாட்டி உபுண்டு சேர்வர் எல்டிஎஸ், அதாவது கன காலத்துக்கு அப்டேட் வாற வேர்ஷன். ரெண்டில எது எண்டு கேட்டு ஒரு கிழமையை வீணாக்காதீங்க, உபுண்டுவே டெபியன்ல இருந்து வந்ததுதான். டெபியன் 1993-ல தொடங்கினது, ஒரு கொம்பனிக்கும் சொந்தமில்ல, தொண்டர்கள் சேந்து நடத்துறது. உபுண்டு 2004-ல வந்தது, கெனோனிக்கல் எண்ட கொம்பனி பின்னால நிக்குது, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஏப்ரல்ல எல்டிஎஸ் வரும், ஒவ்வொண்டுக்கும் 5 வருசம் பாதுகாப்பு அப்டேட் வரும்.

ரெட் ஹெட் எண்ட கொம்பனியின்ட லினக்ஸ் பாவிக்கிற பக்கம் வேலைக்குப் போக நினைச்சா பிறகு அல்மாலினக்ஸ் இல்லாட்டி ரொக்கி லினக்ஸ் பழகுங்க. முந்தி அந்த இடத்தில சென்ட்ஓஎஸ் இருந்தது, 2029 வரை ஓடும் எண்டு நம்பி நாங்க எல்லாரும் அதின்ட 8-ம் வேர்ஷனைப் போட்டம், 2020 டிசம்பர்ல திடீரெண்டு 2021 முடிய நிப்பாட்டுறம் எண்டு அறிவிச்சாங்க. எனக்கு அப்ப ஏழு மெஷின் மாத்த வேண்டி வந்தது. அதுக்குப் பிறகு எதைப் போடுறதெண்டாலும் இதை யார் நடத்துறாங்க, எப்ப வரைக்கும் அப்டேட் வரும் எண்டு பாத்துட்டுத்தான் போடுவன்.

என்னட்ட நல்ல மெஷின் இல்ல, கிளவுட்ல சேர்வர் வாடகைக்கு எடுக்க பேங்க் காட் கேக்குது, என்ன செய்ய?

காட் தேவையில்ல. 2 ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப் ஒண்டு காணும், டெஸ்க்டொப் இல்லாம வெறும் கறுப்புத் திரையோட டெபியன் போட்டீங்க எண்டா அது 512 எம்பியிலயும் ஓடும். திரை உடைஞ்ச லப்டொப் இன்னும் நல்லம், விலை குறைய, சேர்வருக்குத் திரை எதுக்கு, ஒருக்கா இன்ஸ்டோல் பண்ண மட்டும் வேற மொனிட்டரைக் கொழுவினாப் போதும். லப்டொப்பில பட்டரி இருக்கிறதால கரண்ட் போனாலும் நிக்காது. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அப்ப இங்க வந்து பழகின பிள்ளைகள் அந்தப் பட்டரியிலதான் பழகினாங்க, கரண்ட் இருக்கிற நேரம் பெக்கேஜ், அதாவது சொப்ட்வெயார் பொதிகள், எல்லாம் டவுன்லோட் பண்ணி வைக்கிறது, இல்லாத நேரம் நெட் இல்லாமலே பழகுறது.

உங்களிட்ட 8 ஜிபி உள்ள மெஷின் இருந்தா வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு உள்ளுக்க ரெண்டு மூண்டு சேர்வர் ஓட விடலாம். அதுல ஸ்னாப்ஷொட் எண்டு ஒண்டு இருக்கு, உடைக்க முதல் ஒருக்கா எடுத்து வெச்சா உடைச்ச பிறகு அரை நிமிசத்தில பழைய நிலைக்கு வரலாம். பழகுறதுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்ல.

கடலோர வீட்டுக்காரருக்கு ஒரு விசயம். சல்லியில, உப்புவெளியில, ஆலஸ்தோட்டத்தில இருக்கிற ஆக்கள் சேர்வரா ஓடுற மெஷினை ஜன்னல் ஓரத்தில வைக்காதீங்க. உப்புக் காத்து ஃபேனையும் யூஎஸ்பி வாயையும் தின்னும். நான் ஒரு மெஷினைத் திறந்து பாத்தப்போ ரேம் குத்துற இடத்தில பச்சைப் பூப் பூத்திருந்தது, ரெண்டு மாசமா காரணமில்லாம ரீஸ்டார்ட் ஆகுது ஆகுது எண்டு சொப்ட்வெயாருக்குள்ள தேடிக்கொண்டிருந்திருக்கிறன்.

இங்கிலீஷ் வடிவா வராது. ஏலுமா?

ஏலும். இதைக் கேக்க வெக்கப்படுற பிள்ளைகளைப் பாக்க எனக்குக் கவலையா இருக்கும். சேர்வர் பேசுற இங்கிலீஷ் சின்ன இங்கிலீஷ், ஒரு நாப்பது அம்பது வசனந்தான் திரும்பத் திரும்ப வரும், அதை ஒரு கொப்பியில எழுதி பக்கத்தில தமிழ்ல அர்த்தம் எழுதுங்க. பெர்மிஷன் டினைட் எண்டா உங்களுக்கு அனுமதி இல்ல. நோ சச் ஃபைல் எண்டா அப்பிடி ஒரு ஃபைல் அந்த இடத்தில இல்ல, அநேகமா எழுத்துப் பிழை, இல்லாட்டி நீங்க வேற ஃபோல்டர்ல நிக்கிறீங்க.

இங்கிலீஷ் நல்லா வாற ஆக்களே குழம்புற ரெண்டு இருக்கு: கனெக்ஷன் ரிஃபியூஸ்ட், கனெக்ஷன் டைம்ட் அவுட். முதலாவது வந்தா சந்தோசப்படுங்க, ஏனெண்டா உங்கட பெக்கெட், அதாவது நீங்க அனுப்பின டேட்டாத் துண்டு, அந்த மெஷின் வரைக்கும் போய்ச் சேந்திட்டுது, மெஷின் உயிரோட இருக்கு, அநேகமா அந்த போர்ட்ல, அதாவது அந்த இலக்கம் போட்ட வாசல்ல, கேட்டுக்கொண்டிருக்கிற சேர்விஸ்தான் இல்ல, அப்ப சேர்விஸை எழுப்புற வேலை. ரெண்டாவது வந்தா ஒரு பதிலும் வரல்ல, மெஷின் நிண்டிருக்கலாம், ஐபி முகவரி பிழையா இருக்கலாம், நடுவில ஃபயர்வோல் எண்ட காவல்காரன் பெக்கெட்டைச் சத்தமில்லாம விழுங்கியிருக்கலாம், அப்ப போற வழியைத் தேடுற வேலை. ரெண்டு வசனத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சா அரை நாள் மிச்சம்.

முதல் மாசம் என்ன பழக? கமாண்ட் லிஸ்ட் ஒண்டு தாங்க.

லிஸ்ட் தரமாட்டன், மன்னியுங்க. லிஸ்ட்டைப் பாடமாக்கின பிள்ளைகள் ரெண்டு கிழமையில விட்டிட்டுப் போறதைப் பாத்திருக்கிறன். அதுக்குப் பதிலா உண்மையான ஒரு வேலையை எடுங்க. உங்கட சித்தப்பாக்கு நிலாவெளியில ரூம் வாடகைக்குக் குடுக்கிற இடம் இருக்கா, அதுக்கு ஒரு பக்கம் போடுங்க. பள்ளிக்கூடத்து கிரிக்கெட் டீமுக்கு ஸ்கோர் போடுற பக்கம், எதுவும் சரி. அதைப் போட எஞ்சின்எக்ஸ் எண்ட வெப் சேர்வர் புரோகிராமை இன்ஸ்டோல் பண்ண வேணும், அப்ப பெக்கேஜ் பழகுவீங்க. ஃபைல் வைக்க வேணும், அப்ப ஃபோல்டரும் பெர்மிஷனும். கொன்ஃபிக், அதாவது செட்டிங் ஃபைல், மாத்த வேணும், அப்ப நானோ இல்லாட்டி விம் எண்ட எழுதுற புரோகிராம். மாத்தின பிறகு எழும்பாது, அப்ப லொக். ஒவ்வொரு கமாண்டும் தேவை வந்து பழகினா மறக்காது.

ஒண்டு மட்டும் முதல் நாளே பழகுங்க, மேன் கமாண்ட். மேன் எண்டு அடிச்சு கமாண்டின்ட பேரைப் போட்டா அதின்ட முழுப் புத்தகம் மெஷினுக்குள்ளயே இருக்கு, நெட் தேவையில்ல. அதுல அஞ்சாம் பிரிவு கொன்ஃபிக் ஃபைல்களுக்கு, எட்டாம் பிரிவு அட்மின் கமாண்டுகளுக்கு. கீழ இறங்கி உதாரணங்கள் எண்ட பகுதிக்கு முதல் போங்க, பிறகு மேல வாங்க.

பெர்மிஷன் பிரச்சினைக்கு 777 போட்டா சரியாகுதே, ஏன் பேசுறீங்க?

பேசல்ல தம்பி, பயத்தில சொல்றன். வாசிக்க 4, எழுத 2, ஓட்ட 1. மூண்டையும் கூட்டினா 7. முதல் இலக்கம் சொந்தக்காரருக்கு, ரெண்டாவது குறூப்புக்கு, மூண்டாவது ஊர்ல இருக்கிற மிச்ச எல்லாருக்கும். 777 எண்டா அந்த மெஷின்ல கால் வெச்ச எவரும் உங்கட ஃபைலை மாத்தலாம், உள்ள இருக்கிறதை அழிக்கலாம், உள்ளுக்க தன்ட கோடை எழுதி ஓட்டலாம். சாதாரண வெப் ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755, சாவி பாஸ்வேர்ட் உள்ள ஃபைலுக்கு 600. தூரத்து மெஷினுக்குள்ள நுழையப் பாவிக்கிற எஸ்எஸ்எச்சின்ட சாவி ஃபைலை 777 ஆக்கினீங்களெண்டா எஸ்எஸ்எச்சே அதைப் பாவிக்க மாட்டன் எண்டு நிண்டுவிடும், அவ்வளவு கவனம் அது.

அநேகமா உங்கட பக்கத்தைத் திறக்கேக்க 403, அதாவது அனுமதி இல்ல எண்ட பிழை, வாறது ஃபைலால இல்ல. உபுண்டுவில 21.04 வேர்ஷன்ல இருந்து புது யூசர்ட ஹோம் ஃபோல்டர் 750-ஆத்தான் வருது, நீங்க பக்கத்தை உங்கட ஹோமுக்குள்ள வெச்சிருந்தா எஞ்சின்எக்ஸ் வாசல்லயே நிண்டுவிடும், உள்ள இருக்கிற ஃபைலுக்கு எத்தனை தரம் 777 போட்டும் பிரயோசனமில்ல. வழியில உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அந்த 1 வேணும். நேம்ஐ எண்டொரு கமாண்ட் இருக்கு, -எல் போட்டுப் பாதையைக் குடுத்தா ஒவ்வொரு படியின்ட பெர்மிஷனையும் வரிசையாக் காட்டும், எந்தப் படியில மறிக்குது எண்டு கண்ணால பாக்கலாம்.

எஸ்எஸ்எச்சில கவனிக்க வேண்டியது என்ன?

பாஸ்வேர்டை நிப்பாட்டி சாவிக்கு மாறுங்க. இன்டர்நெட்ல எஸ்எஸ்எச்சின்ட 22-ம் போர்ட்டைத் திறந்து வெச்சா கொஞ்ச நேரத்திலயே தட்டத் தொடங்குவாங்க, லொக்கைத் திறந்து பாருங்க, ரூட், அட்மின், டெஸ்ட் எண்டு ஒவ்வொரு பேரா நாள் முழுக்க முயற்சி நடக்கும், அது உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் செய்யிறதில்ல, ஊரெல்லாம் தட்டிப் பாக்கிற ரோபோ. சாவி உருவாக்கேக்க ஈடி25519 வகையை எடுங்க, சாவிக்கும் ஒரு பாஸ்வேர்ட் போடுங்க, ரூட்டா, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசரா, நேரா நுழையிறதை மூடுங்க.

இப்ப நான் பட்டதைச் சொல்றன். வேலை தொடங்கின ரெண்டாம் வருசம், கொழும்பில ஒரு டேட்டா சென்டர்ல இருந்த மெஷினுக்கு இங்க இருந்து ஃபயர்வோல் போட்டன். யூஎஃப்டபிள்யூ எண்ட ஃபயர்வோல் கமாண்ட்ல வெப்சைட்டுக்கான 80, 443 போர்ட் ரெண்டையும் அனுமதிச்சன், இனேபிள் குடுத்தன், திறந்திருந்த கனெக்ஷன் அப்பிடியே வேலை செய்தது, திருப்தியா எக்சிட் அடிச்சிட்டு தேத்தண்ணி குடிக்கப் போனன். திரும்ப வந்தா உள்ள போக ஏலாது, 22-ஐ அனுமதிக்க மறந்திட்டன். அது வெள்ளிக்கிழமை பின்னேரம். சனிக்கிழமை காலையில ஒரு ஆள் அந்த மெஷினுக்கு முன்னால போய்க் கீபோர்டைக் கொழுவி ஒரு வரி அடிக்கும் வரைக்கும் நான் நித்திரை கொள்ளல்ல.

அதுக்குப் பிறகு மூண்டு பழக்கம். ஃபயர்வோலை, எஸ்எஸ்எச் கொன்ஃபிக்கைத் தொடேக்க ஒரு கனெக்ஷனைத் திறந்தே வெச்சுக்கொண்டு இன்னொரு விண்டோவில புதுசா உள்ள போய்ப் பாக்கிறது. எஸ்எஸ்எச் கொன்ஃபிக்கை ரீலோட் பண்ண முதல் எஸ்எஸ்எச்டி -டி எண்டு அடிச்சு எழுத்துப் பிழை இருக்கா எண்டு கேக்கிறது. தூரத்து மெஷின் எண்டா, அட் கமாண்டால பத்து நிமிசத்தில ஃபயர்வோலை ஓஃப் பண்ணு எண்டு முதலே சொல்லி வெச்சிட்டு வேலை தொடங்கிறது, எல்லாம் சரியெண்டா அந்த வேலையைக் கான்சல் பண்ணலாம், பூட்டுப்பட்டா பத்து நிமிசத்தில தானாத் திறக்கும்.

சைட் விழுந்திட்டுது எண்டு கோல் வருது. எங்க இருந்து தொடங்க?

கையைக் கட்டிக்கொண்டு தொடங்குங்க, மெய்யாத்தான் சொல்றன். எல்லாரும் முதல்ல ரீஸ்டார்ட் அடிக்கிறாங்க, ரீஸ்டார்ட் பண்ணினா சில நேரம் சரியாகும், ஆனா ஏன் விழுந்தது எண்டதுக்கான அடையாளமும் அதோட போயிடும், அடுத்த கிழமை அதே நேரம் திரும்ப விழும். சேர்விஸ் என்ன நிலையில இருக்கு எண்டு சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ், பிறகு ஜர்னல்சிடிஎல் -யூ போட்டு சேர்விஸின்ட பேர், டிஸ்க்குக்கு டிஎஃப் -எச், ரேமுக்கு ஃப்ரீ -எச், எந்த போர்ட்ல யார் இருக்கிறாங்க எண்டு எஸ்எஸ். ரெண்டு நிமிசம்.

போன வருசம் நடந்த ஒண்டைச் சொன்னா விளங்கும். கடற்கரைப் பக்கம் ஒரு ரூம் புக்கிங் சைட், சீசன் நேரம், காலையில டேட்டாபேஸ் எழும்ப மாட்டன் எண்டு நிக்குது. லொக்ல கடைசி வரி: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஒன் டிவைஸ். டிஎஃப் அடிச்சா 40 ஜிபி டிஸ்க் 100 வீதம். சரி, எது நிரப்பினது எண்டு டியூ போட்டுக் கூட்டினா மொத்தம் 11 ஜிபிதான் வருது. மிச்சம் 29 ஜிபி எங்க? அந்த மெஷினைப் பாக்கிற தம்பி மூண்டு தரம் கூட்டினார், மூண்டு தரமும் 11.

முதல் நாள் இரவு டிஸ்க் நிரம்புது எண்டு கண்டு அவர் ஒரு பெரிய லொக் ஃபைலை ஆர்எம் போட்டு அழிச்சிருக்கிறார். லினக்ஸ்ல ஒரு ஃபைலை அழிச்சா அதின்ட பேர்தான் ஃபோல்டர்ல இருந்து எடுபடும், அந்த ஃபைலைத் திறந்து வெச்சிருக்கிற புரோகிராம் விடும் வரைக்கும் டிஸ்க்ல இடம் அப்பிடியே பிடிச்சிருக்கும், புரோகிராமும் பேரில்லாத அந்த ஃபைலுக்குள்ள எழுதிக்கொண்டே இருக்கும். டியூ பேர் உள்ளதைத்தான் கூட்டும், டிஎஃப் உண்மையாப் பிடிச்ச இடத்தைச் சொல்லும். அழிச்சும் திறந்திருக்கிற ஃபைல்களைக் காட்டுற எல்எஸ்ஓஎஃப் +எல்1 எண்டு அடிச்சம், உடன ஒரு வரி வந்தது, பக்கத்தில டிலீட்டட் எண்டு அடைப்புக்குறிக்குள்ள, 27 ஜிபி. மிச்ச 2 ஜிபி? அது இஎக்ஸ்டி4 எண்ட ஃபைல் சிஸ்டம் வழக்கமா ரூட்டுக்கெண்டு ஒதுக்கி வைக்கிற 5 வீதம், 40-ல 5 வீதம் 2. கணக்கு அச்சொட்டாச் சரி வந்தது, அந்தத் தம்பி எழும்பி நிண்டு சிரிச்சதை என்னால மறக்க ஏலாது. அந்த ஒரு சேர்விஸை ரீஸ்டார்ட் பண்ணினம், இடம் வந்தது, டேட்டாபேஸ் எழும்பிச்சு, பிறகு பழைய லொக்கைத் தானா அகற்றுற லொக்ரொட்டேட்டைச் சரியா எழுதினம்.

டிஎஃப்ல இடம் இருந்தும் அதே வசனம் வந்தா டிஎஃப் -ஐ போட்டுப் பாருங்க, ஐநோட், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்டு வேண்டிய பதிவு, முடிஞ்சிருக்கும், கோடிக்கணக்கில சின்னச் சின்ன ஃபைல் உருவாகினா அப்பிடி வரும்.

பேக்கப் எடுத்திருக்கிறன், காணும்தானே?

அதுல இருந்து எப்பவாவது திருப்பி எடுத்துப் பாத்தீங்களா? இல்லாட்டி உங்களிட்ட பேக்கப் இருக்கு எண்டு சொல்ல ஏலாது.

2017 ஜனவரி 31, ஆக்கள்ட கோடை வெச்சிருக்கிற சைட் நடத்துற கிட்லாப் கொம்பனியில ஒரு எஞ்சினியர் ராத்திரி களைப்பில ரெண்டாவது சேர்வர்ல அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் ஃபோல்டரை முதன்மைச் சேர்வர்ல அழிச்சிட்டார். கிட்டத்தட்ட 300 ஜிபி. அஞ்சு வழியில பேக்கப் ஏற்பாடு இருந்தும் திரும்ப எடுக்கப் போனா ஒண்டும் ஒழுங்கா வேலை செய்யல்ல, தற்செயலா ஆறு மணித்தியாலத்துக்கு முதல் ஒருத்தர் கையால எடுத்த ஸ்னாப்ஷொட்தான் காப்பாத்தினது. இதை அவங்களே ஒளிக்காம முழுசா எழுதி வெளியிட்டாங்க, அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குறன், அதை வாசிச்சுப் படிச்ச ஆயிரக்கணக்கான ஆக்கள்ல நானும் ஒருத்தன்.

எங்கட நாட்டில 2023 ஓகஸ்ட் 26, அரசாங்க மின்னஞ்சல் சேர்வரை ரான்சம்வெயார், அதாவது ஃபைல்களைப் பூட்டிக் காசு கேக்கிற புரோகிராம், தாக்கினது. மே 17-ல இருந்து அண்டைக்கு வரைக்கும் உள்ள மின்னஞ்சல்கள் திரும்ப எடுக்க ஏலாமப் போச்சு. ஒன்லைன்ல இருந்த பேக்கப்பும் சேந்து பூட்டுப்பட்டது, அந்தக் காலத்துக்குக் கழட்டி வெச்ச பேக்கப் இல்ல, சொப்ட்வெயாரும் பழைய வேர்ஷன். மூண்டு மாசக் கடிதங்கள்.

டேட்டாவுக்கு மூண்டு பிரதி வையுங்க, ரெண்டு வகைச் சாமான்ல, அதில ஒண்டு வேற ஊர்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட ஊர் இது, ஒரே கட்டிடத்தில ரெண்டு பிரதி வெச்சா ஒண்டு வெச்ச மாதிரித்தான். நான் மாசத்தில முதல் சனிக்கிழமை வெறும் மெஷின் ஒண்டில பேக்கப்பை விரிச்சு, டேட்டாபேஸை எழுப்பி, கடைசி புக்கிங் எந்தத் திகதி எண்டு பாப்பன். திகதி சரியெண்டா கொப்பியில எழுதி வைப்பன்.

அப்டேட் போட்டா உடையும் எண்டு பயமா இருக்கு.

உடையலாம். போடாட்டி உடைக்க வேற ஆக்கள் வருவாங்க. பாதுகாப்பு அப்டேட்டைத் தானாப் போட விடுங்க, பெரிய வேர்ஷன் மாற்றத்தை முதல்ல ஒரு பரீட்சை மெஷின்ல செய்து பாருங்க.

சின்ன வித்தியாசத்தையும் கவனிக்கிற குணம் வேணும், அதுக்கு ஒரு கதை. 2024 மார்ச்ல அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் எண்ட எஞ்சினியர் தன்ட டெபியன் மெஷின்ல எஸ்எஸ்எச் நுழைய வழமையை விட அரை செக்கன் கூட எடுக்குது எண்டு கண்டார். அரை செக்கன். விடாமத் தேடிப் போனார், எக்ஸ்இசட் எண்ட, ஃபைலை அமுக்கிச் சின்னதாக்கிற புரோகிராமின்ட 5.6.0, 5.6.1 வேர்ஷன்களுக்குள்ள யாரோ கள்ள வாசல் ஒண்டை ஒளிச்சு வெச்சிருந்தாங்க, மார்ச் 29 அதை உலகத்துக்குச் சொன்னார். பெரிய டிஸ்ட்ரிபியூஷன்கள்ட ஸ்டேபிள் வேர்ஷனுக்குள்ள போக முதல் பிடிபட்டது. கோட் திறந்திருந்ததாலதான் அவரால அடி வரைக்கும் போக முடிஞ்சது.

பிரவுசர்ல சைட்டுக்குப் பூட்டுச் சின்னம் வர சேர்டிபிகேட் காசு குடுத்து வாங்கணுமா?

தேவையில்ல, லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாத் தரும், சேர்ட்பொட் எண்ட புரோகிராமைப் போட்டா தானாப் புதுப்பிக்கும். வழமையாக் கிடைக்கிற சேர்டிபிகேட் 90 நாள்தான் செல்லும், வழமையாச் சரிபாக்கிற வழியான 80-ம் போர்ட்டை மூடி வெச்சிட்டுப் புதுப்பிக்கல்ல எண்டு தேடுற ஆக்கள் கன பேர்.

இரவு 2 மணிக்கு ஓடச் சொல்லிப் போட்ட குரொன் (நேரத்துக்குத் தானா ஓடுற வேலை) காலையில 7.30க்கு ஓடுது. ஏன்?

மெஷின் யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்தில, இருக்கு. நாங்க அதுக்கு 5.30 முன்னுக்கு. டைம்டேட்சிடிஎல் அடிச்சா காட்டும், ஏசியா கொழும்பு எண்டு மாத்தலாம், ஆனா நான் சேர்வரை யூடிசியிலயே விட்டுட்டு குரொனை இரவு 8.30க்கு எழுதுவன், ரெண்டு நாட்டு மெஷின்கள்ட லொக்கை ஒப்பிடேக்க அது லேசு. இந்த நேர வலயம் எண்டது கல்லில எழுதினது இல்ல, 1996-ல எங்கட நாடு 6.30 ஆக்கி, அதே வருசம் 6 ஆக்கி, 2006 ஏப்ரல்லதான் திரும்ப 5.30க்கு வந்தது. அந்த மாற்றம் எல்லாம் லினக்ஸ்ல இருக்கிற டைம்சோன் ஃபைலுக்குள்ள பத்திரமா இருக்கு.

ஏஐயிட்டக் கேட்டு கமாண்ட் போடலாமா? டொக்கர், குபர்நெட்டிஸ் நேராப் பழகலாமா?

கேளுங்க, ஆனா அது தாற வரியில ஒவ்வொரு துண்டும் என்ன செய்யுது எண்டு மேன்ல பாத்துட்டு அடியுங்க. டேட்டாவை அழிக்கக்கூடிய ஆர்எம், டிடி, எம்கேஎஃப்எஸ் இந்த மூண்டில எது உள்ள வரியையும் ரெண்டு தரம் வாசியுங்க. பாஸ்வேர்ட், பிரைவேட் கீ, வாடிக்கையாளர்ட டேட்டா ஒண்டையும் அதுக்குள்ள போடாதீங்க.

டொக்கர் எண்டது புரோகிராமைக் கொன்டெய்னர் எண்ட தனிப் பெட்டிக்குள்ள ஓட்டுறது, குபர்நெட்டிஸ் அப்பிடிப் பல பெட்டிகளை நிர்வகிக்கிறது, பழகத்தான் வேணும், ஆனா ஆறு மாசம் கழிச்சு. கொன்டெய்னருக்குள்ள இருக்கிறதும் லினக்ஸ் புரோசஸ்தான், பெர்மிஷன், போர்ட், லொக் தெரியாட்டி அங்கயும் அதே இடத்தில நிப்பீங்க.

சேர்டிபிகேட் எடுக்கணுமா? திருகோணமலையில இருந்துகொண்டு வேலை கிடைக்குமா?

காசு இருந்தா எடுங்க. எல்பிஐசி-1 எண்ட லினக்ஸ் சேர்டிபிகேட்டுக்கு ரெண்டு பரீட்சை, 101, 102, கேள்வித்தாள் மாதிரி. ரெட் ஹெட்டின்ட ஆர்எச்சிஎஸ்ஏ உண்மையான மெஷின்ல உக்காந்து செய்து காட்டுறது, எனக்கு அதுலதான் மதிப்புக் கூட. எல்பிஐசி 5 வருசம், மற்றது 3 வருசம் செல்லும். கொழும்பு யூனிவர்சிட்டி நடத்துற பிஐடி எண்ட தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை வீட்டில இருந்தே படிச்ச ஆக்களும் இந்த வேலையில இருக்கிறாங்க.

வேலை ஊருக்குள்ள குறைவுதான், மறைக்க மாட்டன். ஆனா சேர்வர் எங்க இருக்கு எண்டது இந்தத் தொழில்ல பிரச்சினையே இல்ல, நான் இங்க இருந்துகொண்டு பாக்கிற மெஷின்கள்ல முக்கால்வாசியை நான் நேர்ல கண்டதேயில்ல. இன்டர்வியூவுக்குப் போகேக்க நீங்க உடைச்சுத் திருத்தின அஞ்சு சம்பவத்தை எழுதிக்கொண்டு போங்க, என்ன நடந்தது, லொக்ல என்ன இருந்தது, எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க. ஆள் எடுக்கேக்க நான் அதைத்தான் கேப்பன்.

தம்பி, மகள் இந்த வேலைக்குப் போகலாமா? ராத்திரியில கூப்பிடுவாங்களாமே?

இது ஒரு அம்மா கேட்டது. அக்கா, கூப்பிடுவாங்க, உண்மை, மாசத்தில ஒரு கிழமை ஒன்கோல் இருக்கும். ஆனா எழும்பிப் போகத் தேவையில்ல, கட்டில்ல இருந்து லப்டொப்பைத் திறக்கிறதுதான். என்னட்டப் பழகினவங்கள்ல மிகப் பொறுமையா லொக் வாசிக்கிற ஆள் உங்கட மகள்தான், அந்த 27 ஜிபி கதையைக் கேட்டிட்டு வீட்டில போய்ச் சொந்தமா அதே பிழையை உருவாக்கிப் பாத்து, அடுத்த ஞாயிறு எங்களுக்குச் செய்து காட்டினவ. விடுங்க அவவை.

அண்ணா, உடைச்சிட்டன். இப்ப என்ன செய்ய?

கீபோர்ட்ல இருந்து கையை எடுங்க. திறந்திருக்கிற கனெக்ஷனை மூட வேணாம், மெஷினை ரீஸ்டார்ட் பண்ண வேணாம். ஹிஸ்டரி அடிச்சு கடைசியா என்ன அடிச்சீங்க எண்டதை ஒரு பேப்பர்ல எழுதுங்க, நேரத்தோட. கொன்ஃபிக் ஃபைல் மாத்தினது எண்டா மாத்தினதையும் ஒரு கொப்பி எடுத்து வையுங்க, பழையதை எடுத்துப் போட அவசரப்பட வேணாம். ஃபைல் அழிபட்டது எண்டா அந்த டிஸ்க்ல புதுசா ஒண்டும் எழுதாதீங்க. அந்த சேர்வரைப் பாவிக்கிற ஆளுக்கு உடன உண்மையைச் சொல்லுங்க, ஒளிக்கிற நேரத்திலதான் சின்னப் பிழை பெருக்கும். பிறகு எனக்குக் கோல் எடுங்க, இரவு 11 மணி எண்டாலும் எடுங்க, நான் பேச மாட்டன், ஆனா எடுக்க முதல் லொக்கின்ட கடைசி 20 வரியையும் ஒருக்கா சத்தமா வாசிச்சிட்டு எடுங்க.